நெய்தல் உப்புநீர்ப் பூவா?

முப்பது ஆண்டை நெருங்கும் ஆசிரியப் பணியில் நான் திருத்திய விடைத்தாள்கள் பல்லாயிரம் இருக்கும். அவற்றுள் ஒன்று மட்டும் நெஞ்சைவிட்டு அகலாமல் நிற்கிறது. 1998ஆம் ஆண்டு, ஜாசின் வட்டாரத்துத் தோட்டப்பள்ளி ஒன்று, ஐந்தாம் ஆண்டுத் தமிழ்மொழித் தாள். வேர்களை நீருக்கு மேலே உயர்த்தி நிற்கும் மரங்களைப் பற்றிய பத்தி ஒன்றைக் கொடுத்து, இத்தகைய சதுப்புக்காட்டை எங்கே காணலாம் என்று வினவியிருந்தோம். விடைக்குறிப்பில் ‘கடலோரத்தில்’ என்று இருந்தது. ஒரு மாணவன் ‘எங்கள் லயத்துக்குப் பின்னால்’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்தேன். மறுநாள் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மேசையருகே வந்தான். “ஐயா, அங்கே தண்ணி உப்புக் கரிக்காதுங்க. ஆனா மரமெல்லாம் தண்ணியிலதான் நிக்குது” என்றான். “பாடத்தில் உள்ளதை எழுது” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அவன் எழுதியது சரி. நான் திருத்தியது பிழை. அப்பிழை என் ஒருவனுடையது மட்டுமன்று, நாம் நெய்தல் திணையைப் படித்தும் படிப்பித்தும் வரும் முறையிலேயே புதைந்து கிடக்கிறது என்பதை உணர எனக்கு நெடுங்காலம் ஆயிற்று. அதனையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றேன்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். சதுப்புக்காடு என்றவுடனே இன்று தமிழில் எழுதுவோர் கை ‘அலையாத்தி’ என்று தானாக எழுதிவிடுகிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு பிச்சாவரம், முத்துப்பேட்டைக் காடுகளைப் பற்றிச் செய்தித்தாள்கள் மிகுதியாக எழுதின. அலையின் சீற்றத்தை ஆற்றுவது அலையாற்றி, அதுவே அலையாத்தி ஆயிற்று என்னும் விளக்கமும் உடன் பரவிற்று. அழகிய சொல், குறை கூறுவதற்கில்லை. ஆனால் அது உவர்நீர்ச் சதுப்புக்கு மட்டுமே உரியது. கடல் ஏற்றத்தின் உப்பு எட்டாத சதுப்பிலும் காடு உண்டு. மண் நீரில் ஊறிக் காற்றின்றிக் கிடப்பதனால், அங்கும் மரங்கள் மூச்சு வாங்குவதற்காக வேரை மேலே மடித்து உயர்த்தும். சாயாமல் நிற்பதற்காகப் பலகை வேரும் ஊன்று வேரும் விடும். வேர் வெளியே தெரிவது சேற்றின் அடையாளமேயன்றி உப்பின் அடையாளம் அன்று. இவ்வொரு வேறுபாட்டை அறியாமல்தான் நான் அந்தச் சிறுவனின் விடையை அடித்தேன்.

மரப்பெயர்களிலும் இதே மயக்கம் காணப்படுகிறது. பிச்சாவரத்தில் படகேறினால், கம்புகளை ஊன்றியதுபோல் வேர்களை இறக்கிச் சேற்றில் நிற்கும் மரத்தைப் படகோட்டிகள் ‘சுரபுன்னை’ என்று காட்டுவர். நம் நாட்டில் மலாய் மக்கள் ‘பாக்காவ்’ என்று வழங்கும் மரத்தின் இனமே அது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை அடுக்கியது ஆசிரியர் அனைவரும் அறிந்த செய்தி. அவற்றுள் வழை என்பதும் ஒன்று. அதற்கு உரைகாரர் தரும் பொருளும் சுரபுன்னையே! ஆனால் வழையோ மலைச்சாரலில் நறுமணம் கமழப் பூக்கும் மரம். பெயர் ஒன்று, மரம் இரண்டு. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உறவில்லை. உரையை மட்டும் கற்ற ஒருவர் பிச்சாவரம் போனால், கபிலரின் மலைமரம் கடற்சேற்றில் வந்து நிற்கிறதே என்று மலைத்துப்போவார்.

இவற்றைவிடப் பழைய, ஐயத்திற்கு இடமில்லாத சொல் ஒன்று நம்மிடம் உண்டு. அது ‘கண்டல்’. சங்க நெய்தற் பாடல்களில் கழியோரத்தில் நிற்கும் மரம் இது. மலையாளத்தில் இன்றும் இக்காட்டுக்குக் கண்டற்காடு என்றே பெயர். மலபாரில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, அந்நாட்டு மருத்துவர்களின் துணையோடு தொகுத்து 1678 முதல் 1693 வரை 12 பெருந்தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட தாவரநூலில் இப்பெயர் ஏறிற்று. அங்கிருந்து உலகத் தாவரவியலுக்குள் புகுந்து, ‘கண்டேலியா’ என்று ஒரு மரப்பேரினத்தின் பெயராக நிலைத்துவிட்டது. நம் மலாக்காவும் அக்காலத்தில் டச்சுக்காரர் கையில் இருந்ததே என்பது நினைவுக்கு வருகிறது. உலகம் எடுத்துக்கொண்ட சொல்லை நாம் அகராதியில் விட்டுவைத்துள்ளோம்.

இனி நெய்தலுக்கு வருவோம். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று மாணவர் ஒப்புவிக்கின்றனர். அந்நிலத்துக்குப் பெயர் தந்த பூவைப் பற்றி வினவுவார் இல்லை. நெய்தல் ஆம்பல் இனத்து நீர்ப்பூ. ஆம்பல் இனம் கடல்நீரில் வாழாது. உப்பு மிகுந்தால் அழுகிப்போகும். குறுந்தொகையின் மருதப் பாட்டு ஒன்றில் நெய்தல் வயலில் களையாகக் காட்சி தருகிறது. உழவர் பறித்து வரப்பில் எறிந்தபின்பும், எம்மை வளரவிடாத வயல் இது என்று வெறுத்து வேறிடம் போகாமல், மீண்டும் அங்கேயே பூக்கும் என்று தலைவனுக்குச் சொல்லப்படுகிறது. நெல் விளையும் நீரில் களையாக வளரும் பூ எப்படி உப்புநீர்ப் பூவாகும்?

அப்படியாயின் கடல்நிலத்துக்கு நன்னீர்ப் பூவின் பெயர் அமைந்தது எவ்வாறு? பெயரிட்டவர் பிழை செய்தார் என்று சொல்லலாமா? ஒருபோதும் இல்லை. கடற்கரைச் சமவெளியை நடந்து பார்த்தவர் இட்ட பெயர் அது என்பதே என் துணிபு. அலை குவித்த மணல்மேட்டைச் சங்க நூல்கள் ‘எக்கர்’ என்னும். அந்த எக்கர் கடலுக்கும் உள்நிலத்துக்கும் இடையே ஓர் அணைபோல் கிடக்கிறது. மழைநீரும் ஆற்றுவெள்ளமும் அதற்குப் பின்னால் தேங்கும். வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகும்போது கழிநீரில் உப்புத் தணியும். கோடையில் உப்பு ஏறும். நன்னீரும் உவர்நீரும் மாறிமாறி ஆட்சி செய்யும் அந்த எல்லையில், உப்புத் தணிந்த காலத்தில் மலர்வது நெய்தல். ஆகவே நெய்தல் என்பது வெறும் கடலின் பெயர் அன்று. கடலுக்குப் பின்னால் உள்ள சதுப்பையும் தன்னுள் அடக்கிய பெயர்.

இதனைக் கொண்டு பார்த்தால் நெய்தற் பாடல்களின் மரங்கள் சிதறிக் கிடப்பவையாகத் தோன்றாமல் வரிசையில் வந்து நிற்கும். எக்கரில் அடும்பங்கொடி, அதனை அடுத்துப் புன்னையும் ஞாழலும் தாழையும் சேர்ந்த கானல், அப்பால் கண்டல் சூழ்ந்த கழி, அதற்கும் அப்பால் நெய்தலும் ஆம்பலும் பூத்த நீர்நிலை, பிறகு மருத வயல். இவ்வரிசையை ஒரே பாட்டில் தேடினால் கிடைக்காது. பல பாடல்களையும் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது தெளிவாகத் தெரியும்.

இதே வரிசை நம் மலாக்காவில் எப்படி இருக்கிறது? மணலில் படரும் அடும்பின் இலையைச் சங்கப் புலவர் மானின் அடிக்கு உவமித்தார். மலாய் மக்கள் அதற்குத் ‘தாப்பாக் கூடா’, அதாவது குதிரைக் குளம்பு என்று பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் பெயர் சூட்டிய தாவரவியலார் ஆட்டின் காலைக் கண்டனர். மூன்று மொழியாரும் ஒரே இலையில் குளம்பையே பார்த்திருப்பது வியப்பன்றோ! புன்னை இங்கே ‘பெனாகா லாவுட்’. பினாங்கில் ஆங்கிலேயர் கோட்டை கட்டிய முனைக்கு முன்பு தஞ்சோங் பெனாகா என்பது பெயர். புன்னைமுனை என்று நாம் சொல்லலாம். எக்கருக்கு மலாய்மொழியில் ‘பெர்மாத்தாங்’. தாழை இனம் ‘மெங்குவாங்’. கண்டல் ‘பாக்காவ்’. கழியின் உட்புறத்தில், உப்புக் குறையும் இடத்தில், நீப்பா பனை. லயத்து வீடுகளுக்கு அத்தாப்பு வேய்ந்த காலத்தை நம் பெரியோர் அறிவர். அந்த அத்தாப்புக்கு நீப்பா ஓலையும் ரும்பியா ஓலையும் பயன்பட்டன. நீப்பாவுக்கு அப்பால் நன்னீர்ச் சதுப்பு. அதுவே ‘பாயா’.

மலாக்காவின் ஊர்ப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பாயா ரும்புட் என்றால் புற்சதுப்பு; பாயா மெங்குவாங் தாழைச் சதுப்பு. ஆயர் குரோ கலங்கிய நீர். அலோர் காஜா யானை வாய்க்கால். ரெம்பியா என்பது சவ்வரிசிப் பனையாகிய ரும்பியாவின் பெயர். அப்பனை நீர்தேங்கிய நிலத்தை விரும்புவது. ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் தமிழக ஊர்ப்பெயர்களை நிலத்தையும் மரத்தையும் நீரையும் கொண்டு ஆராய்ந்து காட்டியதுபோல், இம்மாநிலத்துப் பெயர்களையும் ஆராய்ந்தால், இன்று சாலையும் வீடமைப்புப் பகுதியுமாக இருக்கும் இடங்களில் எத்தனை சதுப்புகள் இருந்தன என்பது விளங்கும். இதற்கு மாறாக மாநிலத்தின் பெயரே மேட்டுநில மரம் ஒன்றின் பெயர். பரமேசுவரா இளைப்பாறியதாகச் சொல்லப்படும் மலாக்கா மரம் நம் நெல்லியே. அதியமான் ஔவைக்குக் கொடுத்த கனியின் மரம்தான் நாம் வாழும் மாநிலத்தின் பெயர் என்று வகுப்பில் சொன்னால், தூங்கும் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

இனி, இத்துறையில் நமக்கு வழிகாட்டும் நூல்களைப் பற்றி என் கருத்தைச் சொல்ல வேண்டும். பி. எல். சாமி அவர்கள் சங்க இலக்கியச் செடிகொடிகளை விளக்கி எழுதிய நூலும், கு. சீநிவாசன் அவர்கள் எழுதித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987இல் வெளியிட்ட ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ என்னும் நூலும் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் இருக்க வேண்டியவை. உரைகளில் ‘ஒருவகை மரம்’ என்று கைவிரிக்கப்பட்ட இடங்களில் எல்லாம் இவர்கள் மரத்தைத் தேடிப்பிடித்து இன்னது என்று காட்டினர். இப்பணிக்கு நாம் கடன்பட்டுள்ளோம். எனினும் அவற்றின் அமைப்பில் ஒரு குறை உண்டு. அவை ஒவ்வொரு செடியையும் தனித்தனியே நிறுத்தி விளக்குகின்றன. கண்டல் ஓரிடம், தாழை ஓரிடம், நெய்தல் ஓரிடம். அகராதியின் முறை அது. ஆனால் திணை அகராதி அன்று. இன்ன மரம் இன்ன நீரில், இன்ன பறவையோடும் இன்ன தொழிலோடும் சேர்ந்து நிற்கும் என்பதே கருப்பொருட் கொள்கையின் உயிர். தனித்து நிற்கும் மரத்தை அறிந்தோம். அது யாரோடு நிற்கிறது என்பதை மறந்தோம்.

தனிநாயக அடிகளாரின் நிலை வேறு. சங்கப் பாட்டை நிலத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று உலகுக்கு ஆங்கிலத்தில் எடுத்துரைத்தவர் அவர். 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய இயல் துறைத் தலைமையை ஏற்றவர். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடுவதற்குக் காரணமாக விளங்கியவர். அவ்வாண்டிலேயே ‘நிலமும் கவிதையும்’ என்று பொருள்படும் அவரது நூலும் வெளிவந்தது. தமிழ்ப் புலவரின் இயற்கைப் பார்வையைக் கிரேக்க, இலத்தீன் புலவரின் பார்வையோடு ஒப்பிடும் இடங்கள் இன்றும் படிக்கச் சுவையானவை. ஆனால் கோலாலம்பூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் கண்டலும் தாழையும் புன்னையும் நிற்கும் கரை இருந்தும், ஒப்பீடு ஏதென்சுக்கும் உரோமாபுரிக்கும் போயிற்றே அன்றி இங்கே வரவில்லை. இது அடிகளாரின் குறை என்று கூறமாட்டேன். அவருடைய நோக்கம் வேறு. அவருக்குப் பின் இந்நாட்டில் தமிழ் கற்பிக்க வந்த நாம், அவர் விட்ட இடத்திலிருந்து ஓர் அடியும் எடுத்து வைக்கவில்லை. குறை நம்முடையது.

அந்த அடியை எப்படி எடுத்து வைப்பது என்பதை எனக்குக் கற்பித்தது தமிழ்நூல் அன்று. கார்னர் என்னும் ஆங்கிலேயத் தாவரவியலார் எழுதிய நூல். 1929இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பணிக்கு வந்தவர் அவர். மலாயாவின் சாலையோர மரங்களைப் பற்றி 1940இல் அவர் வெளியிட்ட நூலைச் சிலர் அறிந்திருக்கலாம். உயர்ந்த மரங்களில் ஏறிக் கிளையொடித்துப் போடுவதற்குத் தேங்காய் பறிக்கும் பெரூக் குரங்குகளைப் பழக்கியவர் என்பதையும் கேள்விப்பட்டிருக்கலாம். அவர் தென்கிழக்கு ஜொகூரில் செடிலி ஆறுகளின் கரையிலும் சிங்கப்பூரிலும் சுற்றி ஆராய்ந்த நன்னீர்ச் சதுப்புக்காட்டைப் பற்றிய நூல் 1978இல் பூங்காவின் வெளியீடாக வந்தது. காட்டில் குறிப்பெடுத்ததற்கும் அச்சேறியதற்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டு. அதற்குள் அவர் கண்ட காட்டில் பெரும்பகுதி வெட்டி நீர்வடிக்கப்பட்டுவிட்டது. இருப்பதைச் சொல்லும் நூலாகத் தொடங்கியது, இருந்ததைச் சொல்லும் நூலாக முடிந்தது.

இந்நூலின் நடை கரடுமுரடானது. இலத்தீன் பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் முட்டுக்கட்டை போடும். நானும் இருமுறை மூடிவைத்தேன். ஆனால் அதன் பார்வையே பார்வை! கார்னர் மரத்தைத் தனியே பார்ப்பதில்லை. ஆற்றின் வாயிலிருந்து உள்ளே படகில் செல்லச்செல்ல, கரையோரத்து மரக்கூட்டம் எப்படி மாறுகிறது என்று வரிசை பிடிக்கிறார். வாயில் கண்டற்காடு. உப்புக் குறையக்குறைய நீப்பா. அதற்கும் உள்ளே ஒரு விந்தையான பகுதி: கடல் ஏற்றம் ஆற்றுநீரை எதிர்த்துத் தள்ளுவதால் நாளும் நீர்மட்டம் ஏறி இறங்கும், ஆனால் நீரில் உப்பு இராது. கடலின் கை எட்டும். அதன் உப்பு எட்டாது. அங்கேதான் ‘ரசாவ்’ என்னும் நீரில் நிற்கும் தாழை, முள்ளிலைகளை நீட்டி ஆற்றை இருபுறமும் நெருக்குகிறது. அதன் பின்னே புத்தாட், நீர் ரெங்காஸ் முதலிய மரங்கள். பிறகு நீர்தேங்கிய உயர்ந்த காடு. அங்கே தண்ணீர் இலைச்சாறு ஊறிக் காப்பி ஓ நிறத்தில் கிடக்கும்.

இம்மரங்களுள் பல நமக்கு அயலவை அல்ல. ரெங்காஸ் மரத்தின் பால் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும் என்பதைக் காடு வெட்டப் போன நம் பாட்டன்மார் நன்கு அறிந்திருந்தனர். ஊரில் சேங்கொட்டைக்கு அஞ்சுவதுபோல் இங்கே ரெங்காசுக்கு அஞ்சினர். தாவரவியலாரும் இரண்டையும் மாமரக் குடும்பத்திலேயே சேர்க்கின்றனர். அஞ்சியவர்கள் நூல் படிக்காமலே உறவைக் கண்டவர்கள். புத்தாட் மரம் செங்கடம்பின் நெருங்கிய இனம். சரம்சரமாகத் தொங்கும் பூக்களை நீரில் உதிர்ப்பது. முருகனுக்குரிய கடம்பு வெண்கடம்பா செங்கடம்பா என்று புலவர் வாதிடுவது உண்டு. தீர்ப்புக் கூற நான் வரவில்லை. ஆனால் சன்னாசிமலைக்கு ஆண்டுதோறும் போய்வரும் நம்மில் எத்தனை பேர், செங்கடம்பின் உடன்பிறப்பு இந்நாட்டு ஆற்றோரங்களில் நிற்பதைக் கண்டோம்? சதுப்பில் வளரும் ‘புலாய்’ மரவகை ஒன்று ஏழிலைப்பாலைக்கு இனம். பாலையின் பெயர்கொண்ட மரத்துக்கு உறவு, முழங்கால் சேற்றில் நிற்கிறது! புலாய், பாலை என்று ஒலியைக் கொண்டு சொல்லாராய்ச்சி செய்யச் சிலருக்குக் கை துடிக்கும், அடக்கிக்கொள்வது நலம்.

தில்லையைச் சொல்லாமல் விடுவது முறையன்று. தில்லை என்ற மாத்திரத்தில் நம் கண்முன் பொன்னம்பலம் எழுகிறது. அது முதலில் ஒரு மரத்தின் பெயர். கண்டற்காட்டின் உள்விளிம்பில் வளர்வது. சிதம்பரம் நகரில் தில்லைக்காடு இன்று இல்லை. கிழக்கே பிச்சாவரத்தில்தான் தில்லை மரம் நிற்கிறது. அம்மரம் மலாயாக் கடற்கரைச் சதுப்புகளிலும் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்குக் கேடு; எனவே மலாய் மக்கள் ‘பூத்தா பூத்தா’, குருடு குருடு என்று பெயரிட்டனர். தேவாரத்தில் தில்லையைப் பாடும் நம் பிள்ளைகள், கடற்கரைக்குச் சுற்றுலா போகும்போது அதே மரத்தின் நிழலில் பொட்டலம் பிரித்து உண்டாலும் உண்பார்கள். தமிழ் அறிந்தவர் மரத்தை அறியார். மரத்தை அறிந்தவர் பாட்டை அறியார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். திணை என்பது காதல் ஒழுக்கத்தைச் சொல்வது, உரிப்பொருளே முதன்மை, மரம் செடிகளை ஆராய்வது பாட்டின் சாற்றைப் பிழிந்துவிட்டுச் சக்கையைச் சுவைப்பது போன்றது என்பர். என் ஆசான் ஒருவரே, பயிற்சிக் கல்லூரியில், இதைச் சொல்லி என்னை அடக்கியதுண்டு. நான் அதை ஒப்பவில்லை. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். ஏன் இரங்குகிறாள்? தலைவன் வரவில்லை. ஏன் வரவில்லை? பல பாடல்களில் விடை கழியில் இருக்கிறது. இரவில் ஏற்றம் வந்து கழிநீர் உயர்கிறது; சேறு தேர்ச்சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது; கழியில் முதலையும் சுறாவும் திரிகின்றன; அந்த வழியே வராதே என்று தோழி தடுக்கிறாள். அக்கழி இரவில் எப்படி இருக்கும், கண்டல் வேர்களுக்கு இடையே தேர் எப்படிச் சிக்கும் என்று அறியாதவனுக்குத் தோழியின் அச்சம் வெறும் மரபுச் சொல். அறிந்தவனுக்கு அது உண்மையான அச்சம். கல்கியின் பொன்னியின் செல்வனில் கோடிக்கரைச் சேற்றில் வந்தியத்தேவன் சிக்கிக்கொள்ளும் இடம் நம்மை நடுங்கவைப்பது எதனால்? அங்கே சேறு வருணனையாக நிற்காமல் கதையையே பிடித்து இழுக்கிறது. சங்கப் புலவர் அதனைச் சில சொற்களில் செய்துவிட்டார்.

ஒரு நிலத்தின் பூவும் பறவையும் வேறு நிலத்தோடு கலந்து வரலாம் என்று தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறார். தேர்வுக்குப் படிப்போர் இதனை ஒரு விதிவிலக்காக மனப்பாடம் செய்கின்றனர். நெய்தலும் மருதமும் சந்திக்கும் சதுப்பில் நின்று பார்த்தால் அது விலக்காகத் தோன்றாது. நிலம் உள்ளபடி கூறியதாகவே தோன்றும்.

அந்தச் சிறுவன் சொன்ன இடத்துக்கு நான் போனது பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, கார்னரைப் படித்து முடித்த ஒரு விடுமுறையில். மலாக்காவின் உள்நிலம் தாழ்ந்த குன்றுகளும் அவற்றுக்கு இடையே ஒடுங்கிய பள்ளங்களுமாக அமைந்தது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டதிலிருந்து குன்றுகள் பால்மரக் காடாயின, பின்னர்ச் செம்பனை. பள்ளங்களில் இருந்த சதுப்புகளை மலாய் உழவர் பன்னெடுங்காலமாகவே வயலாக்கிவந்தனர். மற்றவற்றில் தோட்டத்தார் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தனர். அவ்வாய்க்கால்களை வெட்டிய கைகளில் நம்மவர் கைகளும் உண்டு. இரண்டுக்கும் தப்பிய இடம், ஒரு கால்பந்துத் திடல் அளவு, அந்த லயத்துக்குப் பின்னால் கிடந்தது. லயம் அப்போதே காலியாகிவிட்டது.

நீர் தேங்கிய அவ்விடத்தில் பெரும்பாலும் ஒரே மரம்: வெளுத்த அடிமரம், தாள்தாளாக உரியும் பட்டை. ‘கெலாம்’ என்று அறிந்துகொண்டேன். சிங்கப்பூர்க் கம்போங் கெலாம் இதன் பெயரால் அமைந்தது. இதன் இலையிலிருந்து வடிப்பதே ‘காயு பூத்தே’ எண்ணெய்; நம் வீடுகளில் குழந்தைக்கு வயிறு உப்பினால் தடவும் அதே எண்ணெய். அதன் உரிந்த பட்டையைக் கிழித்து முகர்ந்தேன். கெலாம் தனித்து அடர்ந்து நிற்கும் இடம் பெரும்பாலும் தீயோ கோடரியோ முன்பு வந்துபோன இடம் என்பர். அடுக்கடுக்கான பட்டை தீயைத் தாங்கும். மற்ற மரங்கள் மாண்டபின் இது தழைக்கும். ஆகவே நான் கண்டது பழங்காட்டின் முழு உருவம் அன்று. அழிவுக்குப் பின் எஞ்சியது. ஆயினும் விளிம்பில் மெங்குவாங் இருந்தது. வாய்க்கால் ஓரத்தில் ஆம்பல் இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை.

அதன் பின் ஆண்டுதோறும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளை, இப்போது பணிபுரியும் பள்ளிக்கு அருகில் உள்ள வேறொரு சிறு சதுப்புக்கு, நெய்தல் பாடம் நடத்தும் வாரத்தில் அழைத்துச் செல்கிறேன். கண்ட செடிகளைக் கண்ட வரிசையில் எழுத வேண்டும். அகர வரிசையில் எழுதக்கூடாது என்பது ஒன்றே விதி. தமிழ்ப்பெயர் தெரிந்தால் தமிழில். தெரியாவிட்டால் மலாய்ப் பெயரைத் தமிழெழுத்தில். தூய தமிழ் விரும்பும் நண்பர் ஒருவர், கெலாமுக்கு ‘வெண்பட்டை மரம்’ என்று பெயர் சூட்டிக் கொடுக்கலாமே என்றார். நல்லெண்ணம்தான். ஆனால் நாற்காலியில் அமர்ந்து ஆக்கிய பெயர் சேற்றில் இறங்க அஞ்சும் என்றே எனக்குப் பட்டது.

சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் பட்டியலில் மூன்றாவதாகத் ‘தோலுரிச்சான்’ என்று எழுதியிருந்தாள். எந்த மரம் அம்மா இது என்று கேட்டேன். கெலாமைக் காட்டினாள். யார் சொல்லிக்கொடுத்த பெயர் என்றதற்கு, “எங்க பாட்டிங்க ஐயா. லயத்துல இருக்கிறப்ப அவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்களாம்” என்றாள். எந்த லயம், எந்த ஆண்டு என்று பாட்டியையே கேட்டுவரும்படி சொல்லியிருக்கிறேன். சிவப்புப் பேனாவை அன்று நான் திறக்கவில்லை.